உள்மூடியில் ஒட்டிய நீலம்

உலகத்தில் இன்றைக்கு நடமாடிக்கொண்டிருக்கும் மனிதர்களில் பாதிப் பேர் மூடி அத்தை கொடுத்த உயிர்ப்பிச்சையில்தான் நடமாடுகிறார்கள். மீதிப் பாதிப் பேரும் அப்படித்தான். விஷயம் இன்னும் அவர்கள் காதுக்குப் போகவில்லை, அவ்வளவுதான். சக்கரத்தைக் கண்டுபிடித்த ஆள் மட்டும் இன்று இருந்திருந்தால், மூடி அத்தை வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "அம்மா, நான் சுத்த வச்சேன். நீங்க சுத்தினாலும் திறக்காம வச்சிருக்கீங்களே, அது எப்படி?" என்று கைகட்டி நின்றிருப்பார்.

அப்படி என்னதான் செய்தார்? மாத்திரைப் பாட்டிலுக்கு மூடி செய்தார்.

சிரிக்க வேண்டாம். வீட்டில் குழந்தைப்பூட்டு மூடி போட்ட பாட்டில் இருந்தால் எடுத்து, காதருகே வைத்துத் திருகிப் பாருங்கள். கடகடவென்று சத்தம் வரும், மூடி வராது. ஏனென்றால் அது ஒரு மூடி இல்லை, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு. உள்மூடிதான் பாட்டிலைக் கவ்விக்கொண்டிருக்கும் உழைப்பாளி. வெளிமூடி ஒரு வேலையும் செய்யாமல் சுற்றிச் சுற்றி வரும் மேற்பார்வையாளர். உள்மூடியின் தலையில் வட்டமாகப் பற்கள், வெளிமூடியின் உட்கூரையில் எதிர்ப்பற்கள். ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு பக்கம் சுவர் மாதிரிச் செங்குத்து, மறுபக்கம் சறுக்குமரம் மாதிரிச் சரிவு. மூடுகிற திசையில் திருகினால் சுவரும் சுவரும் முட்டி, உள்மூடி கூடவே இறுகிவிடும். திறக்கிற திசையில் திருகினால் பல்மேல் பல் சறுக்கிக்கொண்டே போகும். கடகட. சறுக்காமல் நிற்க வேண்டுமானால் மேலிருந்து அழுத்த வேண்டும். நடுவில் இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் விற்கள் அமுங்கி, பற்கள் அடிவரை இறங்கிக் கவ்விக்கொள்ளும். அப்புறம் திருகினால் திறக்கும்.

அழுத்திக்கொண்டே திருகுவது நமக்கு ஒரு வேலை. மூன்று வயதுக்கு அது இரண்டு வேலை. இரண்டையும் சேர்த்துச் செய்ய வராது. பூட்டும் அதுதான், சாவியும் அதுதான்.

இதில் அத்தைக்கு என்ன தலைவலி என்றால், இந்தப் பூட்டு யாருக்குத் திறக்கக் கூடாதோ அவர்களுக்கும், யாருக்குத் திறந்தே ஆக வேண்டுமோ அவர்களுக்கும் கையில் கிட்டத்தட்ட ஒரே பலம்தான். வில்லைக் கொஞ்சம் விறைப்பாக்கினால் குழந்தை தோற்கும், கிழவரும் தோற்பார். தளர்த்தினால் கிழவர் ஜெயிப்பார், குழந்தையும் கூடவே ஜெயிக்கும்.

பிளாஸ்டிக் தொழிற்சாலையின் பின்கட்டில் இருந்த சோதனை அறையில் இந்தச் சண்டை மாதக்கணக்காக நடந்தது. ஒரு நாள் பாய் விரித்து அக்கம்பக்கத்துக் குழந்தைகளை ஜோடி ஜோடியாக உட்கார வைத்து ஆளுக்கொரு காலி பாட்டில் கொடுப்பார்கள். முதலில் யாரும் எதுவும் சொல்லக் கூடாது. கொஞ்ச நேரம் கழித்து அத்தை முன்னால் உட்கார்ந்து, வாயே திறக்காமல், ஒரு முறை திறந்து காட்டுவார். பிறகு, "பல்லாலயும் கடிக்கலாம், தப்பில்ல" என்பார். அந்த வார்த்தைக்காகவே காத்திருந்த மாதிரி அறை முழுக்க நறநறவென்று கேட்கும். 'சுத்தியல்' என்று பேர் வாங்கிய ஒருவன் பாட்டிலைத் தரையில் அடித்துக்கொண்டே இருப்பான். எல்லோரும் அவனைக் கண்டு பயந்தார்கள். அத்தை பயந்தது மூலையில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்த ஒரு ரெட்டைச் சடைக்காரியைப் பார்த்து. அவள் மூடியை மேசை விளிம்புக்கு அடியில் கொடுத்து, பாட்டிலை மேலே தூக்கி அழுத்தி, மூடியை விட்டுவிட்டுப் பாட்டிலைத் திருகினாள். திறந்துவிட்டது. திறந்ததோடு நிற்காமல், "அடுத்தது?" என்று கேட்டாள்.

அன்று வில் விறைப்பானது. மறுநாள் பெரியவர்கள் வந்தார்கள். பெஞ்சின் ஓரத்தில் இருந்த ஒரு தாத்தா மூடியோடு மல்லுக்கட்டி முகம் சிவந்து, "இதைத் திறந்து முடிக்கறதுக்குள்ள எனக்கு வியாதியே சரியாயிடும் போலிருக்கே. அதுக்குத்தான் பண்ணினீங்களா?" என்றார். அத்தை சிரித்தார். அன்று மாலை வரை அவருக்கு வேறு சிரிப்பே வரவில்லை.

வீட்டிலும் ஒரு பெஞ்சு இருந்தது. அதில் ஒரே ஆள்: அத்தையின் அண்ணன்.

அண்ணன் பஸ் டிரைவர். அதாவது, விரல் மூட்டுகள் ஒவ்வொன்றாக வீங்கி, கியரைப் பிடித்த கை கியரிலேயே நின்றுவிட்ட நாள் வரைக்கும் டிரைவர். அதற்குப் பிறகு காலையில் சட்டைப் பொத்தான் போடுவதே அவருக்கு ஒரு மலைப்பாதை. ஆனால் யாரும் உதவிக்குப் போகக் கூடாது, போனால், "நான் என்ன பச்சைக் குழந்தையா?" என்று ஹாரன் அடிப்பார். அண்ணி ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பதால் இருட்டோடு கிளம்பிவிடுவார். இவர்களுக்கு ஒரே மகள். பேர் வாலு. அறிவு, அடக்கம், அழகு மூன்றும் ஒருங்கே அமைந்த பெண். சர்க்கரை டப்பாவில் உப்பு இருந்தது, அத்தையின் செருப்புகள் இரண்டும் இடதுகால் செருப்பாக மாறியிருந்தன என்பதெல்லாம் ஆதாரமற்ற குற்றச்சாட்டுகள்.

கீழ் வீட்டுக் குட்டிப்பயல் வேறு உண்டு. தவழ்ந்தே மாடிப்படி ஏறி வந்துவிடுவான். கண்ணில் பட்டதெல்லாம் அவனுக்குச் சாப்பாடு. அதனால்தான் அத்தை தன் புது மாதிரி மூடியை அண்ணனின் மூட்டு மாத்திரைப் பாட்டிலுக்குப் போட்டுக் கொடுத்தார். "அண்ணா, இது உனக்குத் திறந்தா ஊருக்கே திறக்கும். திறக்கலைன்னா மறைக்காம சொல்லணும்."

"நான் எதுக்கு மறைக்கப் போறேன்?" என்றார் அண்ணன். முதல் இரண்டு நாள் முணுமுணுத்தார். பிறகு ஒரு காலையில், தேர்வில் பாஸான பையன் மாதிரி பாட்டிலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு வந்தார். திறந்துவிட்டது! மறுநாளும் திறந்தது. அதற்கடுத்த நாளும். "மூடி மட்டும் இல்ல, என் கையும் தேறிட்டு வருது பாரு" என்று விரல்களை விரித்துக் காட்டினார். விரல்கள் முன்பு இருந்த மாதிரியேதான் இருந்தன. ஆனால் முகம் வேறு ஆளுடைய முகமாக இருந்தது. சட்டைப் பொத்தானைக்கூடத் திட்டாமல் போட்டார்.

அந்த முகத்தை நம்பித்தான் அத்தை முதலாளியிடம், "மூடி சரியா வந்துடுச்சு, அச்சு வெட்டலாம்" என்றார். அந்த முகத்தை நம்பித்தான், வெட்டுகிற நாளுக்கு முந்தின சாயங்காலம், அண்ணன் கேட்டதும் இன்னொன்றையும் செய்தார்.

"நெஞ்சு மாத்திரையையும் இந்த மூடிக்கே மாத்திடும்மா. அந்தக் குட்டிப்பயல் நேத்து அந்த பாட்டிலைத்தான் குறி வச்சான்."

நெஞ்சு மாத்திரை என்பது, நெஞ்சு இறுகினால் அந்த நிமிடமே நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ள வேண்டியது. அத்தை ஒரு கணம் யோசித்தார். பிறகு மாற்றி, இறுக்கி மூடி, அண்ணன் கையில் கொடுத்தார். வாலு அப்போது மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இந்த மாற்றம் தெரியாது.

மறுநாள் காலை அச்சுப் பட்டறையில், இனி வரும் மூடிகளையெல்லாம் வார்க்கப்போகும் அச்சுக்கான எஃகுக் கட்டி மெஷினில் ஏறி உட்கார்ந்திருந்தது. அச்சு மாஸ்டர் எண்ணெய்த் துணியால் கையைத் துடைத்தபடி நின்றிருந்தார். அவர் வெட்டுவதில் புலி, காத்திருப்பதில் எலி.

"என்னம்மா, நல்ல நேரம் பாத்துட்டிருக்கியா? பட்டனைத் தட்டட்டுமா?"

"ஒரே நிமிஷம் மாஸ்டர். வீட்டு மூடியை ஒரு தடவை பிரிச்சுப் பாத்துடறேன்."

"பிளாஸ்டிக்கா இருந்தா நூறு தடவை மாத்தலாம். எஃகு வேற. சுரண்டி எடுக்கத்தான் முடியும், திரும்ப ஒட்ட முடியாது. அதனால பாத்துக்கோ. ஆனா சீக்கிரம் பாத்துக்கோ."

முந்தின ராத்திரி அண்ணன் தூங்கிய பிறகு அந்த மூட்டு மாத்திரைப் பாட்டிலிலிருந்து மூடியைக் கழற்றி, சாதா மூடி ஒன்றைப் போட்டுவிட்டு, அத்தை எடுத்து வந்திருந்தார். கொடுத்த அன்றே அதில் ஒரு வேலை செய்து வைத்திருந்தார். எந்த இடம் எந்த இடத்தோடு உரசுகிறது என்று பார்ப்பதற்காக ஃபிட்டர்கள் பூசுவார்களே ஒரு நீல மசி, அதை வெளிமூடியின் பற்களில் மெல்லிசாகப் பூசியிருந்தார். யார் எப்படி அழுத்தித் திருகினாலும் உள்மூடியின் பற்களில் நீலம் ஒட்டும். எவ்வளவு ஆழம் அழுத்தினார்கள், எந்தப் பக்கம் சாய்த்தார்கள் என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

கத்தியை நுழைத்து இரண்டு மூடிகளையும் பிரித்தார். உள்மூடியை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார்.

நீலம் அழகாக இருந்தது. எல்லாப் பற்களிலும் அடிவரை, சுற்றிலும் ஒரே சீராக. படம் போட்டு மாட்டலாம்.

அத்தை அதைக் கீழே வைக்காமல் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன? நல்லாத்தானே பதிஞ்சிருக்கு?" என்று எட்டிப் பார்த்தார் மாஸ்டர்.

"ரொம்ப நல்லா பதிஞ்சிருக்கு மாஸ்டர். அதான் இடிக்குது."

மேசை இழுப்பறையில் அத்தையின் 'குச்சிக் கையுறை' இருந்தது. பழைய தோல் கையுறையின் விரல்களுக்கு மேல் ஐஸ்கிரீம் குச்சிகளை வைத்துத் தைத்தது. போட்டால் விரல் மடங்காது. அண்ணன் கை எப்படி இருக்கும் என்று அத்தை தெரிந்துகொள்வது அதைப் போட்டுத்தான். ஒரு புது மாதிரி மூடியில் நீலம் பூசினார். கையுறையை மாட்டினார். அழுத்தினார், திருகினார். கடகட. மறுபடி. கடகட. மூன்றாவது முறை உடம்பையே சாய்த்ததும்தான் அசைந்தது. பிரித்தார். ஒரு பக்கத்துப் பற்களில் நீலம் அப்பியிருந்தது, எதிர்ப்பக்கம் வெறும் வெள்ளை. மடங்காத கை சாய்ந்துதான் அழுத்தும். சாய்ந்தால் மூடியும் சாயும்.

இரண்டு உள்மூடிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். வீட்டிலிருந்து வந்ததில் சாய்வே இல்லை. வலியில்லாத, இளசான, அவசரக்காரக் கை ஒன்று நேராக இறங்கி அழுத்தியிருந்தது. அதற்கு மேல், பற்களின் நுனியில் மட்டும், இன்னொரு மெல்லிய தடவல். அதுதான் அண்ணன். ஏற்கெனவே ஒரு சுற்றுத் தளர்த்தி வைக்கப்பட்ட மூடியைத் திருக அழுத்தமே வேண்டாம். பல் சறுக்குமரத்தில் ஏறுவதைவிட உள்மூடி கூடவே சுற்றி வருவது சுலபம். விரலை வைத்தாலே வந்துவிடும்.

காலையில் அண்ணன் எழுவதற்கு முன்னால், குளியலறையில் தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே, சமையலறையிலிருந்து 'கட' என்று ஒன்று கேட்குமே. இன்றைக்கு எதில் உப்பைக் கொட்டுகிறாளோ என்று அத்தை நினைத்துக்கொள்வாரே.

"வாலு..." என்றார் அத்தை.

"என்னது?"

அத்தை பைக்குள் போனைத் தேடினார். அவர் மனம் அச்சை விட்டு, எஃகை விட்டு, நேராக வீட்டுச் சமையலறை அலமாரிக்குப் போயிருந்தது. அங்கே நெஞ்சு மாத்திரைப் பாட்டில். நேற்று தன் கையாலேயே இறுக்கி மூடியது. அதை யாரும் தளர்த்தி வைக்கவில்லை. வாலு பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கு விடியும்போதே போய்விட்டாள். அண்ணன் தனியாக இருக்கிறார். பால் வாங்கிக்கொண்டு படியேறினால் சில நாள் அவருக்கு நெஞ்சு இறுகும்.

வீட்டுக்குப் போன் போட்டார். அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. ஓய்ந்தது. மறுபடி போட்டார்.

"மாஸ்டர், வெட்டாதீங்க."

"என்னம்மா விளையாட்டு இது? முதலாளி இப்ப வந்துடுவாரு. மருந்துக் கம்பெனிக்காரங்க..."

"வெட்டாதீங்க. நான் வர்ற வரைக்கும் பட்டன் பக்கம் கையைக் கொண்டு போகாதீங்க. என் மேல சத்தியமா!"

வாசலில் முதலாளி எதிரே வந்தார். "அச்சு ஏறிடுச்சா?" என்று கேட்டார். "இல்ல சார், மூடி தப்பு" என்று சொல்லிவிட்டு அத்தை அவரைத் தாண்டி ஓடினார். அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் அத்தை கேட்டுக்கு வெளியே போய்விட்டார். வேலை போனால் போகட்டும் என்று நினைத்தாரா என்றால், இல்லை. அந்த நேரத்தில் வேலை என்ற ஒன்று இருப்பதே அவருக்கு ஞாபகமில்லை.

ஆட்டோ சிக்னலில் நின்றது. லாரிக்குப் பின்னால் நின்றது. காரணமே இல்லாமலும் நின்றது. அத்தை கையிலிருந்த போனில் வீட்டு மணி அடித்துக்கொண்டே இருந்தது. "யாருக்காவது உடம்பு சரியில்லையாம்மா?" என்று டிரைவர் கேட்டார். "தெரியல" என்றார் அத்தை. "அதான் பயமா இருக்கு." தெருமுனையில் இறங்கி ஓடினார். அத்தை ஓடி யாரும் பார்த்ததில்லை. கீழ் வீட்டு வாசலில் இருந்த குட்டிப்பயல்கூட வாயிலிருந்ததை எடுத்துவிட்டுப் பார்த்தான்.

படியில் பால் கொட்டிக் கிடந்தது. கதவு சாத்தாமல் இருந்தது.

உள்ளேயிருந்து சத்தம் வந்தது. கடகட. கொஞ்சம் இடைவெளி. கடகட.

சமையலறைத் தரையில் அலமாரியில் முதுகைச் சாய்த்து அண்ணன் உட்கார்ந்திருந்தார். முகம் சாம்பலாகி, நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. பாட்டிலை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கி, விரல்களை விட்டுவிட்டு, உள்ளங்கையை மூடியின் மேல் வைத்து உடம்பின் பாரம் முழுவதையும் இறக்கிச் சுழற்றிக்கொண்டிருந்தார். குறுகலான வளைவில் பெரிய பஸ்ஸைத் திருப்புகிற மாதிரி. கை விளிம்புக்கு நழுவும். மூடி ஒரு பக்கம் சாயும். கடகட.

"குடு அண்ணா, குடு!"

பாட்டிலைப் பிடுங்கி அழுத்தித் திருகினார். கடகட. ஓடி வந்த வேர்வையில் கை வழுக்கியது. தன் கையால் வரைந்து, தன் கையால் பல் வைத்த மூடி, தன்னையே பார்த்துப் பல்லைக் காட்டியது. கையைத் துணியில் துடைத்து, மறுபடி வைத்து, பல்லைக் கடித்து அழுத்தினார். திறந்தது. மாத்திரைகள் தரையெல்லாம் சிதறின. ஒன்றை அண்ணனின் நாக்குக்கு அடியில் வைத்தார். ஒரு கையால் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார்.

அண்ணன் கண்ணை மூடியிருந்தார். மூச்சு வருவதும் போவதும் தெரிந்தது. அத்தை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணவில்லை, பிரார்த்திக்கவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் கண்ணைத் திறந்தார். முதல் வார்த்தை, "கை போச்சும்மா."

"பேசாத அண்ணா."

"நேத்து வரைக்கும் திறந்தேனே. இன்னைக்குச் சுத்தமா போச்சு. ஒரே ராத்திரியில..." அவர் குரல் உடைந்தது. நெஞ்சு வலித்தபோது அழாத மனிதர், கையைப் பார்த்து அழுதார்.

அத்தைக்கு உண்மை வாய் வரை வந்தது. ஆனால் கீழே ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டுவிட்டது.

மாத்திரை அந்த நேரத்துக்கு உள்ளே போனது நல்லதாயிற்று என்று டாக்டர் சொன்னார். சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அண்ணி அழுது முடித்து, கஷாயம் வைக்கிறேன் என்று உள்ளே போனார். அண்ணன் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அப்போதுதான் வாலு சுற்றுலாப் பையோடு, ஒரு ரப்பர் பாம்பையும் வாங்கிக்கொண்டு, உற்சாகமாக வந்து சேர்ந்தாள். பாம்பு யாருக்கு என்று சொல்லத் தேவையில்லை. அத்தையின் முகத்தைப் பார்த்ததும் பாம்பு பைக்குள் திரும்பிப் போனது.

அத்தை உள்மூடியை மேசைமேல் வைத்தார். நீலம் மேலே தெரியும்படி.

"இது யார் கை?"

வாலு பையின் வாரைத் திருகினாள்.

"வாலு, இன்னைக்கு நான் அந்த மூடியை எஃகுல வெட்ட விட்டிருப்பேன். உங்கப்பா மாதிரி கை இருக்கற எத்தனை பேர் வீட்டுக்குப் போயிருக்கும் தெரியுமா? இங்கேயாவது நான் ஓடி வந்தேன். அங்கெல்லாம் யார் ஓடி வருவா?"

"தெரியாது அத்தை." வாலு மூடியைப் பார்த்தபடியே சொன்னாள். "ரெண்டாவது நாள் காலையில அப்பா திறக்க முடியாம பாட்டிலை வச்சுட்டு ஜன்னலைப் பாத்துட்டு நின்னாரு. ரொம்ப நேரம் நின்னாரு. அதான். மறுநாள் லேசா தளர்த்தி வச்சேன். அவரு திறந்துட்டுச் சிரிச்சாரு. அப்புறம்... அப்புறம் எப்படி நிறுத்தறது?"

அத்தை திட்டுவதற்கு நீட்டிய விரலை மடக்கிக்கொண்டார். எப்படி நிறுத்துவது என்று அவருக்கும் தெரியவில்லை.

கட்டிலில் அசைவு கேட்டது. அண்ணன் இந்தப் பக்கம் திரும்பியிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருந்தது. வாலு கூனிக் குறுகிப்போனாள்.

"அப்போ," என்றார் அண்ணன் மெதுவாக, "நான் ஒரு நாளும் திறக்கலையா?"

அத்தை மேசையிலிருந்த உள்மூடியை எடுத்து அவரிடம் காட்டினார்.

"அப்போ என் கை நேத்து ராத்திரி ஒண்ணும் மோசமாகல?"

"இல்ல அண்ணா. எப்பவும் இருக்கற மாதிரியேதான் இருக்கு. மூடிதான் தப்பு. நான்தான் தப்பா பண்ணிட்டேன்."

அண்ணன் கையைத் தூக்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். காலையில் செத்துப்போனதாக நினைத்த கை. "இருக்கற மாதிரியேதான் இருக்கா," என்றார். "போதும் போ." பிறகு மகளைப் பார்த்தார். "ஏண்டி, சர்க்கரையில உப்பு போட்டியே, அதைக்கூட மன்னிச்சேன். என்னையே எனக்குப் பொய் சாட்சி சொல்ல வச்சிட்டியே. இங்க வா." அவள் போனாள். மடங்காத அந்தக் கை அவள் தலையில் ஒரு குட்டு வைத்தது. குட்டு வைத்த கை அங்கேயே இருந்தது.

அத்தை தலையைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். "அண்ணா, காலையில ஏன் உள்ளங்கையை வச்சுத் திருப்பின?"

"வேற எப்படி? ஸ்டியரிங்கை விரலால பிடிச்சாடி வளைவுல திருப்புவாங்க? உள்ளங்கையை நடுவுல வச்சு, தோள்ல இருந்து பாரத்தை இறக்கிச் சுத்தணும். விரலுக்கு அங்க என்ன வேலை? ஆனா உன் மூடி குட்டி. கை நிக்கல, விளிம்புக்கு ஓடிடுது."

அத்தை எழுந்து சமையலறைக்குப் போனார். ஒரு பெரிய டப்பா மூடி, ஒரு சாஸர், ஒரு கிண்ணம் எல்லாவற்றையும் கொண்டுவந்து ஒவ்வொன்றாக அண்ணன் கைக்கு அடியில் வைத்தார். சாஸர் வந்ததும் நிறுத்தினார். உள்ளங்கையின் மேடு சாஸரின் குழியில் போய்த் தானாக உட்கார்ந்தது. எந்தப் பக்கமும் ஓடவில்லை.

மறுநாள் முதலாளி கத்தியது தெருமுனை வரை கேட்டது. "வீட்டுல ஒரு பொண்ணு பண்ணின சேட்டைக்காக நான் மருந்துக் கம்பெனிக்காரன் கால்ல விழணுமா?" என்றார். "விழுங்க சார், நானும் கூட விழறேன். ஆனா அந்த மூடி வேண்டாம்" என்றார் அத்தை. மாஸ்டர் மெஷினிலிருந்து எஃகை இறக்கிக்கொண்டே, "சத்தியம் போட்டப்பவே நினைச்சேன்" என்று முணுமுணுத்தார். கால அவகாசம் கிடைத்தது. கொஞ்சம்தான்.

புது மூடி அகலமாக வந்தது. தலையில் சாஸர் மாதிரி ஒரு குழி. உள்ளங்கை வழுக்காமலிருக்கக் குழியில் மேடு மேடாக வரிகள். வில்லைப் பாதிக்குத் தளர்த்தினார். பாட்டிலின் அடியில் மேசையைப் பிடித்துக்கொள்கிற மெத்தென்ற வளையம். பலத்தால் பூட்டுவதை விட்டுவிட்டு அளவால் பூட்டினார். பெரியவர்கள் கை நடுவில் உட்காரும், பற்கள் எல்லாப் பக்கமும் ஒன்றாக இறங்கும். குழந்தைக் கை நடுவை எட்டாது, விளிம்பைத்தான் அழுத்தும். மூடி சாயும், ஒரு பக்கத்துப் பல் மட்டும் பிடித்து நழுவும். சொல்ல இப்படிச் சுலபமாக இருக்கிறது. குழி அரை விரல் ஆழம் அதிகமானதில் ஒரு மாதிரி வீணானது. வரி கூர்மையாக இருந்ததில் அண்ணன் உள்ளங்கையில் தோல் உரிந்து ஒரு மாதிரி வீணானது. ஒவ்வொரு முறையும் நீலம் பூசிப் பிரித்துப் பார்த்தார். வீட்டுச் சோதனையின்போது வாலு சமையலறைக்குள் வரத் தடை.

கடைசிச் சோதனைக்கு ரெட்டைச் சடைக்காரியும் வந்தாள். சுத்தியல் வழக்கம்போல் தரையோடு பேசிக்கொண்டிருந்தான். அவள் நேராக மேசை விளிம்புக்குப் போனாள். அத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டார். மூடியை அடியில் கொடுத்தாள், பாட்டிலைத் தூக்கினாள், திருகினாள். விளிம்பு பட்ட பக்கம் மூடி சாய்ந்தது. கடகட. திருப்பி வைத்தாள். கடகட. தலைகீழாக வைத்தாள். பல்லால் கடித்தாள், வாய் கொள்ளவில்லை. கடைசியில் பாட்டிலை அத்தையின் மடியில் எறிந்துவிட்டு, "இது பொய் மூடி. திறக்கவே திறக்காது" என்றாள்.

அத்தை அதை எடுத்துப் போய், சோதனை அறைக் கதவுக்கு வெளியே பெஞ்சில் காத்திருந்த அண்ணனிடம் கொடுத்தார். அண்ணன் பாட்டிலைப் பெஞ்சில் வைத்தார். விரல்களைத் தூக்கிக்கொண்டு உள்ளங்கையை இறக்கினார். தோளைச் சாய்த்து, வளைவில் ஒரு திருப்பு.

சத்தமே இல்லாமல் திறந்தது.

அவர் சிரிக்கவில்லை. மறுபடி மூடி, மறுபடி திறந்தார். மறுபடி மூடினார். "யாராவது தளர்த்தி வச்சீங்களா?" என்றார். பெஞ்சில் இருந்த எல்லோரும் இல்லை என்று தலையாட்டினார்கள். அதற்குப் பிறகுதான் சிரித்தார். பட்டனை மாஸ்டர் அன்றே தட்டினார்.

இந்த வரலாற்றை எழுதி முடித்துப் படிக்கக் கொடுத்தபோது மூடி அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்தார். சக்கரம் கண்டுபிடித்தவர் வரும் இடத்தில் மட்டும் மூக்கால் ஒரு சத்தம் வந்தது. கடைசிவரை படித்து மடித்து வைத்தார்.

"எல்லாம் சரி. அந்த 'வாலு'ங்கற பொண்ணுக்கு மட்டும் அறிவு, அடக்கம், அழகு மூணும் இருக்குன்னு போட்டிருக்கே. யார் எழுதினதுன்னு அங்கேயே தெரிஞ்சுபோச்சு."

எழுதியவள் கூரையைப் பார்த்தாள்.

"இன்னொண்ணும் தெரிஞ்சுபோச்சு. உங்கப்பாவோட நெஞ்சு மாத்திரைப் பாட்டில் அளவுக்கு ஒரு சாதா மூடி, பூட்டில்லாதது, என் இழுப்பறையில இருந்தது. அச்சு வெட்டின அன்னையிலேருந்து காணோம். புது மூடி ஒரு நாள் அவருக்குத் திறக்கலைன்னா, எதுக்கும் ஒண்ணு கையில இருக்கட்டும்னுதானே?" அத்தை கையை நீட்டினார். "பாவாடைப் பையில இருந்து எடு."

எடுத்தாள்.